31-ஆம் எண்ணில் நின்ற கடிகாரம்

பழைய கைக்கடிகாரத்தின் பழுதை வரலாற்றுச் சான்றாக வாசிக்க இயலுமா? அண்மையில் என் கைக்கு வந்த கிழமை, தேதி காட்டும் கடிகாரம் ஒன்று இக்கேள்வியை எழுப்பியது.

முதலில் அதன் இயக்கம். மணிமுள்ளைத் தாங்கும் சக்கரம் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். டயலுக்கு அடியில் உள்ள தேதிச் சக்கரமோ 24 மணி நேரத்தில் ஒருமுறையே சுழலும். அதிலுள்ள விரல் போன்ற நீட்சி, நள்ளிரவையொட்டி 31 பற்கள் கொண்ட தேதி வளையத்தை ஒரு பல் தள்ளும். சிறு ஸ்பிரிங் ஒன்று வளையத்தை அடுத்த தள்ளல் வரை அசையாமல் பிடித்திருக்கும்.

இதை அறிந்தால் பழுதுகளைப் பிரித்தறியலாம். நண்பகலில் தேதி மாறுவது பழுதன்று. முட்களை 12 மணி நேரம் முன்னே நகர்த்தினால் சரியாகிவிடும். எண் பாதியில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது எண்ணெய் இறுகியிருக்கலாம். என்னிடம் வந்த கடிகாரத்தின் பழுது வேறு. முப்பது எண்களையும் நள்ளிரவில் தானாகவே கடந்தது. 31-இல் மட்டும் நின்றது. சாவியைத் திருகித் தேதி மாற்றியபோது வேறோர் எண்ணில் மட்டும் வழுக்கியது. விரலும் சாவியின் பல்லும் வளையத்தை வெவ்வேறு இடங்களில் தொடுகின்றன. எனவே இரண்டு தடைகளுக்கும் ஒரே பல்லின் சிதைவே காரணமாகலாம். திறந்து பார்த்தபோது அவ்வாறே இருந்தது.

அந்தப் பல் மட்டும் ஏன் சிதைந்தது? 31 நாள் இல்லாத மாதங்கள் ஆண்டுக்கு ஐந்து. அவற்றின் முடிவில் அணிந்திருப்பவரே தேதியைத் திருத்த வேண்டும். 30-ஆம் தேதி இரவு உறங்கப்போகுமுன் 31-க்குத் தள்ளிவிட்டால் காலையில் 1 தெரியும் என்பது எளிய கணக்கு. ஆனால் ஏறத்தாழ இரவு 8 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை விரல் வளையத்தின் பற்களிடையே நுழைந்திருக்கும். அப்போது சாவியைத் திருகினால், பின்னால் வரும் பல், அதாவது 31-ஐ 1-ஆக மாற்ற வேண்டிய பல், விரலின் முதுகில் மோதும். ஆண்டுதோறும் அடி விழுவது பெரிதும் அதே பல்லில்தான். ஆக, முகமறியா ஒருவரின் மாதக்கடைசி இரவுப் பழக்கம் பித்தளையில் பதிந்துள்ளது என்பது என் ஊகம்.

இந்தியச் சூழலில் இவ்வாசிப்பை விரிக்கலாம். 1953-இல் உருவான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன் கிழமை காட்டும் வடிவங்கள் பலவற்றில் கிழமைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தன. ஏழு கிழமைகளுக்குப் பதினான்கு பெயர்கள்; எனவே தகடு நாளொன்றுக்கு இரண்டு அடி நகர வேண்டும். ஓர் அடி தவறினால் கிழமை பாதி வேகத்தில் செல்லும். மொழியும் நாள்தோறும் மாறும். ஒன்றியத்தின் இருமொழி ஏற்பாடு மக்களின் மணிக்கட்டுக்கு வந்த வடிவம் இது. தமிழரும் வங்காளியரும் இவ்விரு மொழிகளுள் ஒன்றையே தேர்ந்துகொள்ள முடிந்தது.

மற்றொன்று. மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு அடிப்படையிலான தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் சாதாரண ஆண்டில் ஐந்து மாதங்களுக்கு 31 நாள். ஏழு மாதங்களுக்கு 30 நாள். இக்கடிகாரம் அந்நாட்காட்டியைப் பின்பற்றினால் அணிந்திருப்பவர் ஆண்டுக்கு ஏழு முறை தேதியைத் திருத்த வேண்டியிருக்கும். அரசிதழில் இடம்பெற்ற நாட்காட்டி அன்றாட வாழ்வில் ஊன்றாததற்கு இதுவே காரணம் என்று கூறமாட்டேன். ஆனால் அன்றாடத்தில் வேரூன்றிய நாட்காட்டி எது என்பதை 31 பற்களும் காட்டிவிடுகின்றன.

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்று பழைய கடிகாரங்களைச் சேகரிப்போர் பெருகியுள்ளனர். டயல்களுக்குப் புதுவண்ணம் பூசுவதும், ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்துவதும் இயல்பாகிவிட்டன. கடிகாரம் மீண்டும் ஓடுகிறது. அதை அணிந்தவரின் தடம் அழிகிறது.

என்னிடம் வந்த கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர் தேதி வளையம், கிழமைத் தகடு, டயல் மூன்றையும் மாற்றிவிடலாம் என்றார். வளையத்தை மட்டும் மாற்ற இசைந்தேன். கழற்றிய வளையத்தை, பழுதின் குறிப்பும் மாற்றிய நாளும் எழுதிய காகித உறையில் இட்டுக் கடிகாரத்துடனேயே வைத்துள்ளேன். பொருள்சார் பண்பாட்டை ஆராயும் மாணவர்கள், வீட்டுக் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் அது எந்த எண்ணில் நிற்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய உறுப்பை மறவாமல் கேட்டு வாங்கி வாருங்கள்.