பாலாற்று மணலும் பங்குனி ஆமையும்

நவாப் வாலாஜாவின் பெயரைத் தாங்கிய எங்கள் வாலாஜாபாத்தின் ஓரமாக, வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும் பாலாறு, வெள்ளக் காலத்தில் அம்மணலை வாரிக்கொண்டு போய் வயலூருக்கு அருகே கடலிடம் ஒப்படைக்க, கடலோ அதை வடக்கு நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்திக் கரை சேர்க்கிறது. தை பிறந்தபின் இரவில் கரையேறும் பங்குனி ஆமை நூறு முட்டைக்கு மேலும் இட்டுப் புதைப்பது இத்தகைய மணலில்தான்.

அகநானூற்றில் குமுழி ஞாழலார் நப்பசலையார், குஞ்சு வெளிப்படும் வரையில் அம்முட்டைகளை ஆண் ஆமை காத்து நிற்பதாகப் பாடினார். மணலையும் அடும்புக் கொடியையும் கண்ட கண் கூர்மையானது; காவலன் மட்டும் கற்பனை. ஆண் ஆமை கரையேறுவதே இல்லை, தாயும் குழியை மூடியவுடன் திரும்பிவிடும். நாய்க்கும் நரிக்கும், முட்டை விற்போருக்கும் அது பெரும் சௌகரியமாயிற்று.

உண்மையான காவல் 1970களில்தான் வந்தது. ரோமுலஸ் விட்டேக்கரின் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்தவர்கள் இரவுதோறும் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்தார்கள்; பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் அப்பணியை ஏற்க, 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்தது.

எடுத்துப் புதைப்பது சுலபம் என்று தோன்றும், சூட்சுமமெல்லாம் அங்கேதான். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலும் குலுக்கினாலும் கரு மடிந்துவிடும்; ஆகவே விடியுமுன்பே, தாலி கட்டிய பெண்ணை அழைத்துப் போவதுபோல் அலுங்காமல் கொண்டுபோய், தாய் தோண்டிய ஆழத்திலேயே, சுமார் ஒன்றரை அடியில், கழுத்து குறுகி வயிறு அகன்ற குடம் போன்ற குழியில் வைக்க வேண்டும். பழைய முட்டையோடுகள் அழுகிய மணலில் பூஞ்சணம் பற்றும் என்பதால் சுத்தமான மணலே உசிதம். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். உஷ்ணம் சற்றே மிகுந்தால் பெண்குஞ்சுகளே பெருகும், மேலும் மிகுந்தால் எல்லாமே வெந்துபோகும். சித்திரை வெயிலுக்குப் பந்தல் போடுவதன் காரணம் இதுவே. குஞ்சுகள் போனபின் குழியைத் தோண்டி, வெற்று ஓடுகளையும் கெட்ட முட்டைகளையும் வேறுவேறாக எண்ணினால்தான் எது எங்கே பிசகியது என்று தெரியும்.

இவ்வளவு பக்குவமும் மணலை நம்பியே. அந்த மணலோ, கடலை எட்டுமுன்னரே பாலாற்றிலிருந்து லாரிகளில் ஏறிவிடுகிறது.