சேரமான் கதையும் மக்தூமின் எழுதுகோலும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



சேர மன்னர் ஒருவர் சந்திரன் பிளந்ததைத் தம் நாட்டிலிருந்தே கண்டார். அரபு நாடு சென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் இஸ்லாத்தை ஏற்றார். இச்செய்தியை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகிறோம். கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் கி.பி. 629-இல் எழுந்தது என்பதும் இக்கதையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அதே சேரமான் பெருமாள் என்னும் பெயரைச் சைவ மரபோ, சுந்தரருடன் கயிலை சென்ற நாயனாரின் பெயராகப் போற்றுகிறது. பெயர் ஒன்று, அதைச் சுமந்து வரும் கதைகள் வேறு.

பொன்னானியின் பேரறிஞர் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலை இயற்றினார்கள். போர்த்துகீசியரின் கொடுமைகளுக்கு எதிராக முஸ்லிம்களை எழுப்புவதே அந்நூலின் நோக்கம். நபிகளாரின் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவிய மன்னரின் கதை அந்நோக்கத்திற்கு மிகவும் பயன்பட்டிருக்கும். ஆயினும் மக்தூம் அவர்கள் அக்கதையை எழுதிவிட்டு, அதன் காலம் உறுதியாகத் தெரியவில்லை என்றும், பெரும்பாலும் ஹிஜ்ரி 200-க்குப் பின்னரே நிகழ்ந்திருக்கும் என்றும் தெளிவுபடுத்தினார்கள். மக்களிடையே பரவிய செய்தியை மறைக்கவுமில்லை. அதற்கில்லாத சான்றைச் சேர்க்கவுமில்லை.

இந்நேர்மை ஹதீஸ் கலை வளர்த்த பண்பாகும். குழப்பங்கள் தோன்றிய பின்னர், ஹதீஸைச் சொல்பவரிடம் அதை அறிவித்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினர் என்னும் இப்னு சீரீன் (ரஹ்) அவர்களின் கூற்றை, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். செய்தியைத் தீர விசாரிக்குமாறு குர்ஆனும் (49:6) கட்டளையிடுகிறது. சந்திரன் பிளந்தமைக்குக் குர்ஆனும் ஸஹீஹான ஹதீஸ்களும் சான்றாக உள்ளன; மன்னரின் கதை அதற்குத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிக்காவிடில், நாளை ஒருவர் அக்கதையை மறுக்கும்போது அவர்களின் ஈமானும் தடுமாறக்கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருத்தணியில் 1955-இல் பிறந்த பெரியவர் ஒருவர், "நான் பிறந்தது ஆந்திராவில், வீடு மாறியதே இல்லை" என்றால் பேரப்பிள்ளைகள் நகைப்பர். எனினும் அது உண்மையே. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்துடன் சென்ற இவ்வூர், 1960 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் சென்னை மாநிலத்தில் இணைந்தது. பொய்போல் தோன்றும் முதியோர் சொல்லை ஆவணம் மெய்ப்பிக்கவும் செய்கிறது. ஆகவே, ஆராயாமல் நம்புவதும் பிழை. ஆராயாமல் ஒதுக்குவதும் பிழை.

நம் குடும்பத்து முதியோர் கூறுவனவற்றை எழுதி வைப்போம். கூறியவர் யார், அவர் எவரிடம் கேட்டார், எந்நாளில் கூறினார் என்பவற்றையும் உடன் குறிப்போம். அதுவே நம் வீட்டு இஸ்னாது. உண்மையை உண்மையாக அறியும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.