20 ஏக்கர் தீவில் இருந்து 'ஃபிஜி மன்னர்' பட்டம் வரை... தாகோம்பாவ் வம்சம் எழுந்ததும், பட்டமே பாரமானதும் எப்படி?

பசிபிக் பெருங்கடலில் 300-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு ஃபிஜி. அதில் பாவ் என்ற தீவின் பரப்பு வெறும் 8 ஹெக்டேர், அதாவது சுமார் 20 ஏக்கர்தான். ஆனா, 19-ம் நூற்றாண்டில் ஃபிஜியின் பெரும்பகுதி இந்தக் குட்டித் தீவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த 'ஃபிஜி மன்னர்' பட்டம், கடைசியில் நாட்டையே பிரிட்டன் கையில் ஒப்படைக்க வைத்தது. எப்படி நடந்தது இது?

யார் இந்தக் குடும்பம்?

பாவ் தீவின் தூய் கம்பா குலம்தான் இவர்களின் வேர். இவர்களின் முன்னோர் பெரிய தீவான விட்டி லெவுவில் இருந்து பாவுக்கு வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அங்கு ஏற்கெனவே இருந்த மீனவக் குலங்கள் இடம்பெயர வேண்டியிருந்தது.

பாவில் இரண்டு தலைமைகள் இருந்தன. ஒருவர் 'ரோக்கோ தூய் பாவ்'. இவர் புனித மன்னர், சடங்குகளுக்குத் தலைவர். இன்னொருவர் 'வுனிவாலு', அதாவது போரின் வேர். தூய் கம்பா குலத்துக்குச் சொந்தமானது இந்த இரண்டாவது பட்டம்தான். மரியாதையில் மன்னர் மேலே, வுனிவாலு கீழே. ஆனா போர்கள் பெருகப் பெருக, படையை வைத்திருந்தவர் பக்கமே அதிகாரம் சாய்ந்தது.

திருப்பம் தந்த துப்பாக்கி

நைலாத்திகாவ், அடுத்து பனுவே, பிறகு நவுலிவோ என வுனிவாலு பட்டம் கைமாறியது. நவுலிவோ காலத்தில், 1808-ல், எலிசா என்ற கப்பல் ஃபிஜி கடலில் உடைந்தது. அதிலிருந்து தப்பிய ஸ்வீடன்காரர் சார்லி சாவேஜ், துப்பாக்கிகளுடன் பாவ் தரப்பில் சேர்ந்தார். தடியும் ஈட்டியும் மோதிய களத்தில் துப்பாக்கி இறங்கியதும் பாவின் கை ஓங்கியது.

துப்பாக்கி மட்டுமே காரணம் இல்ல. திருமண உறவும் ஆயுதம்தான். ஃபிஜியில் 'வாசு' என்றொரு வழக்கம் உண்டு. தாய்மாமன் ஊரின் உடைமைகளில் மருமகன் உரிமை கோரலாம். உயர்குலப் பெண்ணை மணந்தால், பிறக்கும் மகனுக்கு இன்னொரு நாட்டின் வளத்தில் பங்கு கிடைத்துவிடும்.

'பாவை அழித்தவர்'

நவுலிவோவுக்குப் பிறகு தம்பி தனோவா தலைவரானார். 1832-ல் எதிரிகள் அவரைத் துரத்தினார்கள். சின்னப் பையன்தானே என்று மகன் சேருவை மட்டும் தீவிலேயே விட்டுவிட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு. சேரு ரகசியமாக லாசாகாவ் மீனவர்களைத் தன் பக்கம் இழுத்தார். 1837-ல் ஆட்சியைக் கைப்பற்றி தந்தையைத் திரும்ப அழைத்து வந்தார். அதன் பிறகு கிடைத்த பெயர்தான் தாகோம்பாவ். 'பாவை அழித்தவர்' என்பது அதன் பொருள்.

பட்டமே கடனானது எப்படி?

வெளிநாட்டு அதிகாரிகள் தாகோம்பாவை 'தூய் விட்டி', அதாவது ஃபிஜி மன்னர் என்று அழைக்கத் தொடங்கினர். அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனா முழு ஃபிஜியும் அவர் கையில் இல்லை. ரேவா அரசுடன் நீண்ட போர் நடந்துகொண்டிருந்தது. 1854-ல் கிறிஸ்தவத்தைத் தழுவிய அவர், 1855-ல் டோங்கா மன்னர் முதலாம் துபோவின் படை உதவியுடன்தான் கம்பா போரில் வென்றார்.

இதற்கிடையே, 1849-ல் நுகுலாவ் தீவில் அமெரிக்கத் தூதர் ஜான் பிரவுன் வில்லியம்ஸின் வீடு தீப்பிடித்து, பொருட்கள் சூறையாடப்பட்டன. 'நீங்கதானே மன்னர், நீங்களே பொறுப்பு' என்பது அமெரிக்காவின் வாதம். இதுபோன்ற கோரிக்கைகள் சேர்ந்து 40,000 டாலரைத் தாண்டின.

கடனை அடைக்க வழியில்லை. நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1858-ல் பிரிட்டனிடம் சொல்லிப் பார்த்தார். 1862-ல் பிரிட்டன் மறுத்தது. 1868-ல் மெல்போர்னின் பாலினீசியா கம்பெனி கடனை ஏற்க முன்வந்தது. விலை: 2 லட்சம் ஏக்கர் நிலம். 1871-ல் ஃபிஜி ராஜ்ஜியம் அறிவிக்கப்பட்டது. வெள்ளைக் குடியேறிகளின் எதிர்ப்பு, பணப் பற்றாக்குறை என மூன்றே ஆண்டுகளில் அது தடுமாறியது. 1874 அக்டோபர் 10-ல், லெவுகா நகரில், மற்ற தலைவர்களுடன் சேர்ந்து ஃபிஜியை பிரிட்டனிடம் ஒப்படைத்தார் தாகோம்பாவ்.

அடுத்த ஆண்டே பேரிடி. சிட்னி சென்று திரும்பிய தாகோம்பாவின் பயணக் குழு வழியாகத் தட்டம்மை பரவியது. சுமார் 40,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

நமக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முதல் ஆளுநர் ஆர்தர் கார்டன், ஃபிஜியர்களின் நிலத்தையும் கிராம அமைப்பையும் காக்க முடிவெடுத்தார். அப்போ கரும்புத் தோட்டத்தில் யார் வேலை செய்வது? 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையில் இருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் தமிழர்களும் இருந்தனர். இன்றும் ஃபிஜி நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் பூர்வகுடிகளின் கூட்டு உடைமைதான்.

இப்போது என்ன நிலை?

1883-ல் தாகோம்பாவ் இறந்தார். வம்சத்தின் செல்வாக்கு முடியவில்லை. கொள்ளுப்பேரன் ஜார்ஜ் தாகோம்பாவ் 1973 முதல் 1983 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1989-ல் அவர் இறந்த பிறகு வுனிவாலு பட்டம் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. 2012-ல் கலைக்கப்பட்ட மாபெரும் தலைவர்கள் மன்றம், 2023 மே மாதம் அதே பாவ் தீவில்தான் மீண்டும் கூடியது.

இன்னொரு சுவாரசியமான தகவல். நாட்டை ஒப்படைத்தபோது தாகோம்பாவ் தன் போர்த் தடியை விக்டோரியா மகாராணிக்கு அனுப்பினார். 1932-ல் அது ஃபிஜிக்கே திரும்பி வந்தது. இன்று ஃபிஜி நாடாளுமன்றத்தின் செங்கோல் அந்தத் தடிதான்.