பக்கவாதத்துக்குப் பின் மூளை வளர்சிதைமாற்றப் படமெடுப்பு

பக்கவாதம் தாக்கிய மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் செலவிடுகிறது என்று அளந்து, எஞ்சியிருக்கும் செயல்திறனை மதிப்பிடும் முறை. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் அழிந்த திசுவைக் காட்டும். பிழைத்த திசு வேலை செய்கிறதா என்பதற்கு வழக்கமான அப்படங்களில் விடை கிடைக்காது.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நரம்பணுக்களிடையே நடக்கும் தகவல் பரிமாற்றத்துக்கே அதில் பெரும்பங்கு செலவாகிறது. ஆகவே குளுக்கோஸ் நுகர்வு குறைந்த இடத்தைச் செயல் குன்றிய இடமாகக் கொள்ளலாம். குளுக்கோஸைப் போலவே செல்லுக்குள் நுழையும் எஃப்.டி.ஜி. என்ற சேர்மம், முதல் வேதிப்படிக்கு மேல் செல்லாமல் அங்கேயே தங்கிவிடும். அதில் ஏற்றிய ஃபுளோரின்-18 அணுக்களின் கதிர்வீச்சைப் பெட் ஸ்கேன் கருவி படமாக்குகிறது. இம்மருந்து மனிதருக்கு முதலில் செலுத்தப்பட்டது 1976-இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்.

இம்முறையின் சிறந்த பங்களிப்பு டயாஸ்கிசிஸ் என்ற நிகழ்வைக் கண்ணால் காணவைத்தது. மூளையின் ஓரிடம் சிதைந்தால் அதனோடு நரம்புத் தொடர்புள்ள தொலைவான இடமும் செயல் தாழும் என்று கான்ஸ்டான்டின் ஃபான் மொனகோவ் 1914-இல் எழுதினார். கையில் சான்று குறைவு, ஊகம் சரி. பெருமூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர்களின் எதிர்ப்பக்கச் சிறுமூளையில், அங்கே ரத்தக்குழாய் எதுவும் அடைபடாதபோதும், ரத்த ஓட்டமும் ஆக்சிஜன் நுகர்வும் குறைந்திருப்பதை ழான்-குளோட் பாரோன் குழுவினர் 1980-இல் பெட் வழியே காட்டினர். படத்தில் சிறிதாகத் தெரியும் சிதைவு சிலரை ஏன் பெரிதாக முடக்குகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

ஆரோக்கியமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது. ஏறத்தாழ 20-க்குக் கீழே செல்கள் செயலை நிறுத்துகின்றன. அதனினும் வெகுவாகக் குறைந்தால் மடிகின்றன. இடைப்பட்ட நிலையில் இருக்கும் திசுவே பெனம்ப்ரா: ஊமையாகிவிட்டது, இன்னும் சாகவில்லை. ரத்தம் குறையும்போது வரும் ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதல் விகிதத்தில் ஆக்சிஜனை உறிஞ்சி இத்திசு தாக்குப்பிடிக்கிறது. கதிரியக்க வடிவமான ஆக்சிஜன்-15 கொண்டு அந்த விகிதத்தை அளந்தால் மீட்கத்தக்க பகுதியை இனங்காணலாம்.

பேச்சிழந்தவர்களிடமும் இம்முறை பயன்பட்டுள்ளது. வுல்ஃப்-டீட்டர் ஹைஸ் தலைமையிலான கொலோன் ஆய்வாளர்கள், இடது அரைக்கோளத்தின் மொழிப்பகுதிகளில் குளுக்கோஸ் நுகர்வு காக்கப்பட்டவர்களுக்குப் பேச்சு நன்கு திரும்புவதைக் கண்டனர். வலது பக்கம் மட்டும் கைகொடுக்கும்போது மீட்சி பெரும்பாலும் அரைகுறையே.

குறைகளும் உண்டு. ஆக்சிஜன்-15-இன் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம். எனவே அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் கருவி மருத்துவமனையிலேயே வேண்டும். ரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தால் எஃப்.டி.ஜி. படம் மங்கும். சிதைவில் குவியும் அழற்சிச் செல்களும் குளுக்கோஸை உண்பதால், பிந்தைய நாட்களின் படத்தை நரம்புச் செயலாகத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. அவசர நேரத்தில் மருத்துவர்கள் நம்புவது சி.டி., எம்.ஆர்.ஐ. ரத்த ஓட்டப் படங்களையே. அவற்றின் அளவுகோல்களைச் சரிபார்க்கும் உரைகல்லாகவும் ஆய்வுக் கருவியாகவுமே பெட் இன்று பெரிதும் பயன்படுகிறது.