கட்டையும் கல்லும்

மலேசியத் தமிழரிடை ஒரு வழக்குச் சொல் உளது. "எவ்விடத்தினின்றும் வருகின்றீர்?" என்று வினவின், "மூன்றாங் கட்டை" என்பர் ஒருவர், "ஏழாங் கட்டை" என்பர் மற்றொருவர். தாயகத்தினின்றும் புதிதாகப் போந்தவர் இது கேட்டு மயங்குதல் இயல்பு. கட்டை ஈண்டு விறகன்று. வழியோரத்து நட்ட மைல்கல். மலாய் மக்கள் அதனைப் 'பத்து' என்பர். பத்து எனில் அம்மொழியில் கல். தமிழ்ச் செவிக்கு அஃது எண்ணாக ஒலிப்பது ஒரு வேடிக்கை. 'பத்து அம்பாட்' என்பதைப் பதினான்கென்று கொண்டு வீணே நடந்தாரும் முன்னாளில் இருந்திருக்கலாம். அது நான்காங் கல்லேயாம்.

ஊர்ப் பெயர் எங்ஙனம் பிறக்கின்றது? ஆற்றால் பிறக்கும், மரத்தால் பிறக்கும், மன்னன் பெயரால் பிறக்கும். கடல் கடந்து கூலிக்குச் சென்ற தமிழனுக்கு அவ்வாறும் மரமும் புதியன, மன்னன் அயலான். காட்டின் நடுவே அவன் கண்ட குறி கல்லும் அதன்மேல் எண்ணுமே. அவ்வெண்ணையே ஊராகக் கொண்டான். இத்தகைய கற்களைப் பற்றியும், அவற்றைப் பெயர்ப்போரைப் பற்றியுமே இன்று எழுதப் புகுந்தோம்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் அம்மேட்டு நிலத்தைக் கண்டு கூறினார். கண்டவர் நிலப்படத்தில் அதன் இடத்தைச் செவ்வனே குறித்து வைத்தாரில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவர் கூறிய நிலம் யாண்டுளது என்று பின்வந்தோர் ஐயுற்றுத் தேடினர். 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரிற் சென்று பார்த்த பின்னரே அம்மலையைத் திருத்தும் முயற்சி தொடங்கிற்று. நாற்பதாண்டு கழிந்தது. குறியற்ற இடம், கண்டும் காணாத இடமாயிற்று.

'கண்டார்' என்று எழுதிவிட்டோம். அம்மலைச் சாரலில் வழிவழி வாழ்ந்த செமாய் மக்கள் அதனைக் காணாதிருந்தனரோ? அவர்தம் குறிகள் ஆற்றிலும் மரத்திலும் நாவிலும் இருந்தன, நிலப்படத்தில் இல்லை. ஆதலின் அவை இல்லாதனவாகக் கருதப்பட்டன. இதனை நேயர் மனத்திற் கொள்க; மீண்டும் இங்கு வருவோம்.

பேராக் மாநிலத்துத் தாப்பாவினின்றும் மலைக்குச் சாலை வெட்டும் பணி 1926-இல் தொடங்கிற்று. முப்பதுகளின் தொடக்கத்தில் மக்கள் போக்குவரவுக்கு வழி திறந்தது. இதற்கிடையே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலைத் தொழில் கற்ற மில்னே அவருக்குத் துணை நின்றார். 1933-இல் வடஇந்தியக் குடும்பமொன்று 'பாரத்' தோட்டத்தைத் தொடங்கிற்று. 'போ' தோட்டத்துத் தொடக்கத்தை ஒரு கதையாகச் சொல்வதுண்டு: உழைப்பாளர் கூட்டம், சில கோவேறு கழுதைகள், ஒரே நீராவி உருளை, இவற்றைக் கொண்டு செங்குத்தான காடு தோட்டமாயிற்று என்று. உருளைக்குத் தொகை சொல்லிய கதை ஆளுக்குத் தொகை சொல்லவில்லை! ரஸ்ஸல் பெயர் நின்றது. மில்னே பெயரும் நின்றது. புதர் வெட்டியவன் பெயர் என்னை?

கங்காணி அழைத்து வந்த தமிழன் பெயர் எழுதப்படவே இல்லை என்று யாம் கூறோம். செக்குரோலில் எழுதினர். பெரட்டில் கூப்பிட்டனர். ஆனால் அவ்வேடு கூலி கணக்கிடற்கு எழுதிய ஏடு. கூலி தீர்ந்ததும் ஏட்டின் வேலையும் தீர்ந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவிற்குக் கூலியாட்களை உதவியளித்து அனுப்பும் முறையைத் தடை செய்தது. அதன்பின் அங்கிருந்தவர் அங்கேயே பிள்ளை பெற்றனர். லயங்களிலேயே வாழ்ந்து மறைந்தனர். இன்று அச்சரிவுகளிற் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் பலர். பழைய குடும்பங்கள் பல கீழே இறங்கிவிட்டன. இறங்கியவர் கொண்டு சென்றது யாது? இன்ன கட்டையில் பிறந்தோம் என்னும் ஒரு சொல்லே.

அத்தகையோர்க்கு வழிக்கல் வெறுங் கல்லன்று. அரசனுக்குக் கோபுரம் உண்டு. துரைக்கு நூல் உண்டு. ஆகவே ஒரு வழிக்கல் களவு போயின், இழப்பு எல்லார்க்கும் ஒன்றன்று. துரையின் வரலாற்றில் ஒரு புள்ளி குறையும். தோட்டத்தான் வரலாற்றில் உள்ளதனைத்தும் போகும்.

நிற்க. கல்லைக் களவாடுவார் உண்டோ என்று சிலர் நகைக்கலாம். உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் லென் பீடல் என்னும் நில அளவையாளர், 1947 முதல் 1963 வரை, சிறு குழுவொன்றைத் துணைக்கொண்டு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் வழி வகுத்தார். கன்பாரல் நெடுஞ்சாலை என்பது அவற்றுள் ஒன்று. 1955 முதல் 1958 வரை வெட்டியது. ஏவுகணைக்கும் அணுகுண்டுச் சோதனைக்கும் இடந் தேடிய அரசாங்கத்தின் பொருட்டு எழுந்த வழிகள் அவை. அந்நோக்கத்தை யாம் புகழோம். அவர் அலுமினியத் தகடுகளில் ஓரோர் எழுத்தாகத் தம் கையாலேயே அடித்து, நாளும், அவ்விடத்து அகலாங்கும் நெட்டாங்கும் பொறித்து, மரத்திலும் கம்பத்திலும் அறைந்து சென்றார். நீரும் ஆளுமற்ற நிலத்தில் வழிப்போக்கனுக்கு அத்தகடே அண்டை வீட்டுக்காரன். அவற்றுட் பலவற்றைப் பிற்காலத்து உல்லாசப் பயணிகள் 'நினைவுப் பொருள்' என்று பெயர்த்துக்கொண்டு போயினர். பின்னர் ஆர்வலர் நகல் தகடுகளைச் செய்து பழைய இடங்களில் நாட்ட வேண்டியதாயிற்று.

களவாடியவன் கண்ட பயன் யாது? "நீ இன்ன இடத்தில் நிற்கின்றாய்" என்பதன்றோ அத்தகட்டின் செய்தி? அதனை நகரத்து மாளிகைச் சுவரில் மாட்டினால், நாள் முழுதும் பொய் உரைத்துக்கொண்டிருக்கும். பொன்னைத் திருடினால் பொன் பொன்னாகவே இருக்கும். வழிக்குறியைத் திருடின், கையில் எஞ்சுவது தகரம். பீடலின் தகடுகளும் அப்பாலைப் பழங்குடிகளின் பெயரை உரைத்தனவல்ல என்பதை இங்கு மறத்தலாகாது. கேமரனின் கதையே அங்கும்.

நம் தமிழகத்திற்கு வருவோம். தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு கல் உளது. கி. பி. 13-ஆம் நூற்றாண்டினது. அதியமான் பெருவழியில் நின்றது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அறிவிப்பது. எழுத்திலும் எண்ணிலும் கூறியதோடு அமையாது, இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் அக்கல்லிற் குடைந்துள்ளனர். பெருங்குழி பத்து, சிறுகுழி ஒன்று. எழுத்தறியாதவன் விரலால் தடவி வழி அறியட்டும் என்பது கருத்து. எழுநூறு ஆண்டுகட்கு முன்னே, படியாதவனையும் வழிப்போக்கனாக மதித்த ஒருவன் அக்கல்லை நாட்டினான். இன்று படித்தவர் பலர் வழிக்கல்லில் தம் பெயரைக் கிறுக்கி வைக்கின்றனர்! எவர் கல்வி பெரிது?

அக்கல் அருங்காட்சியகம் புகுந்ததால் பிழைத்தது. ஆயினும் அதுவும் தன் வழியினின்றும் பிரிந்த கல்லே. காப்பதற்காக எடுத்தலும் ஒருவகைப் பெயர்த்தலே. இன்ன இடத்தில் எடுத்தோம் என்று எழுதி வைப்பதொன்றே அதனைக் களவினின்றும் வேறுபடுத்துவது.

சுமைதாங்கியை நேயர் அறிவர். இரு கல் நிறுத்தி ஒரு கல் கிடத்தியது. கருவுற்றபடியே மாண்ட பெண்ணின் நினைவாக நாட்டுவது. இறக்கி வைக்கவியலாத சுமையோடு போனவள் பெயரால், வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுவான். பெண்ணுக்கென்று நம் ஊர் வழியோரத்து நின்ற நினைவுச் சின்னம் இதனினும் எளியது வேறுளதோ? தலைச்சுமை ஒழிந்தது, மோட்டார் வந்தது, சாலை அகன்றது. அகலுந்தோறும் சுமைதாங்கிகள் சாய்ந்தன. அரசாங்க வேலையில் நிகழ்வதால் இதற்கு எவரும் களவென்று பெயரிடுவதில்லை. நடுகற்களின் நிலையும் அஃதே. மதகுப் பாலத்திற்குக் கிடத்தினர், துணி துவைத்தனர். சிலவற்றிற்கு எண்ணெய் தடவி, வண்ணம் பூசித் தெய்வமாக்கினர். வீரன் பெயர் பூச்சின் கீழ்ப் போயிற்று. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் வெளிப்பட்டன. கேட்பாரற்றுக் கிடந்த கற்கள் தமிழெழுத்தின் தொன்மைக்குச் சான்றாயின. அதற்கு முன் துவைகல்லாய்த் தேய்ந்தவை எத்தனையோ!

மலேசியாவிலும் இழப்பு நிகழ்ந்ததுண்டு. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், கடாரத்தின் பழஞ் சின்னங்களுள் பதினோராம் எண்ணிட்ட சண்டி, 2013-இல் வீட்டுமனைக்காக நிலந் திருத்தியவரால் இடிபட்டது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் இருந்தது; ஆனால் அச்சின்னம் சட்டப்படி அறிவிக்கப்படாதிருந்தது. பட்டியலில் இல்லாத கல் சட்டத்தின் கண்ணுக்குக் கல்லே அன்று. ஆயிர ஆண்டுக் கோயிலடிக்கே இக்கதியாயின், தோட்டத்து வழிக்கல்லை எப்பட்டியல் காக்கும்?

மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. பழைய மைல்கற்கள் வேலையிழந்தன. எனினும் தாப்பாவினின்றும் மலையேறும் சாலையில் 'பத்து 14' என்னும் பெயரில் ஒரு பள்ளி உளது. 'பத்து 19' என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழ்வோர் செமாய் மக்கள். நிலப்படம் மறந்த மக்களுக்கும், நிலப்படம் வரைந்தோர் நட்ட எண்ணே இன்று ஊர்ப்பெயராயிற்று.

கேமரன் மலைத் தோட்டங்களில் முதியோர் சிலர் இன்னும் உளர். எந்தக் கட்டையில் எந்த லயம் இருந்தது, எந்தச் சரிவில் சுடுகாடு இருந்தது, பெரட்டுக் களம் எது, முதற் பள்ளிக்கூடம் எம்மரத்தடியில் நடந்தது என்பன அவர் நாவில் உள்ளன. அவ்வழிச் செல்லும் அன்பர்கள் கொழுந்துக்கிடையே நின்று படம் எடுத்துக் கொள்க, வேண்டாமென்னோம். திரும்புங்கால், அம்முதியோர் ஒருவர் அருகமர்ந்து, கட்டை எண்ணையும் அவர் சொல்லும் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஆண்டும் நாளும் இட்டு, படியொன்றை அவரிடமே விட்டு வருக.