நாயின் மலம் கறுத்தால் காத்திருக்க வேண்டாம்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அது வாய் திறந்து சொல்லாது. ஆனால், அது வெளிக்குப் போகும் இடத்தைத் தினமும் ஒரு முறை பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நலமாக உள்ள நாயின் மலம் பழுப்பு நிறத்தில், கெட்டியாக, அள்ளும்போது தரையில் அதிகம் ஒட்டாமல் வரும். மாறினால் என்ன பொருள்?

இளகிப் போனால்: சாப்பாட்டைத் திடீரென மாற்றினாலும், குப்பையைக் கிளறித் தின்றாலும் ஓரிரு நாள் இப்படி ஆகும். நாய் சுறுசுறுப்பாக இருந்து தண்ணீரும் குடித்தால், உப்பு, மசாலா, எண்ணெய் சேர்க்காத சோற்றையும் அவித்த கோழிச் சதையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளையாக உதிர்ந்தால்: எலும்பு அதிகம் தின்றிருக்கும். எலும்பை நிறுத்துங்கள். முக்கியும் வராவிட்டால் குடலில் அடைப்பு இருக்கலாம்.

அரிசி போல் தென்பட்டால்: அது நாடாப்புழுவின் துண்டு. இது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாகத் தொற்றுவதால், தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் திரும்பவும் வரும்.

சளியும் சிவப்பு இரத்தமும் வந்தால்: பெருங்குடலில் அழற்சியோ சாட்டைப்புழுவோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

குட்டி இரத்தமாகக் கழிந்தால்: கூடவே வாந்தியும் சோர்வும் இருந்தால் பார்வோ கிருமியாக இருக்கலாம். உடம்பில் நீர் வற்றி இரண்டு மூன்று நாளில் குட்டி இறந்துவிடக்கூடும்; ஓர் இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். இக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிக்காத வேறு குட்டியைக் கொண்டுவரக் கூடாது.

தார் போல் கறுத்து ஒட்டினால்: இதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. ஈரல், ஆட்டு இரத்தம், இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை தின்றாலும் மலம் கறுக்கும். அப்படி எதுவும் தின்னவில்லை என்றால், இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் செரித்து வெளியே வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சல், மனிதர்களுக்கான வலி மாத்திரை ஆகியவை காரணமாகலாம்.

தோட்டப்புறத்தில் இன்னொரு காரணமும் உண்டு. செம்பனை மரத்தடியில் எலிக்கு வைக்கும் மருந்துகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நாய் அந்த மருந்தையோ, அதைத் தின்று செத்த எலியையோ தின்றால் உடனே ஒன்றும் தெரியாது. 3 முதல் 5 நாள் கழித்துத்தான் சோர்வும் மூச்சிரைப்பும் இரத்தக் கசிவும் தொடங்கும். அதற்குள் நாம் எலி மருந்தை மறந்திருப்போம். இதற்கு வைட்டமின் கே1 மருந்து உண்டு. மருத்துவர் சொல்லும் வாரங்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். நாய் எலி மருந்தைத் தின்றதைப் பார்த்திருந்தால், மலம் கறுக்கும்வரை காத்திருக்காமல் அன்றே மருந்துப் பாக்கெட்டுடன் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

ஈறைப் பாருங்கள்: உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈறே கறுப்பான நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அது அவசர நிலை. வெளுக்காவிட்டாலும் கறுத்த மலத்தை அன்றே காட்டுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது புதிய மலத்தில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். பனடோல் போன்ற மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாய்க்கு அது விஷம்.

மலத்தைத் தினமும் அள்ளுவது நம் பிள்ளைகளுக்காகவும்தான். நாயின் கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக மனிதர்களுக்கும் தொற்றும். லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்குச் செருப்பு போட்டுவிடுங்கள். நாய்க்குத் தவறாமல் புழு மருந்து கொடுங்கள்.