சுண்டெலியின் வால் சொன்ன சேதி

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம்மவர் வாக்கு. அந்த நோவைத் தணிக்க வந்த மருந்துகளில் அபின் இனத்தைச் சேர்ந்தவை முக்கியமானவை. ஆனால் மருந்தை வாங்குவது ஓருடல். அது சென்று சேர்வதோ ஈருடலில். மருத்துவ உலகம் இதைத் தாமதமாகவே கணக்கில் எடுத்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் மருந்தாளர் சேர்ட்டியூனர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் தாமும் உட்கொண்டார். 1930களில் அதே நாட்டில் ஐஸ்லெப் என்பவர், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்தைத் தேடிப் பெத்தடினை ஆக்கினார். அதைச் சோதித்த ஷௌமான், சுண்டெலியின் வால் வளைந்து முதுகுக்கு மேல் நிமிர்வதைக் கண்டார். மோர்பின் ஏற்றிய எலியின் வாலும் அப்படித்தான் நிமிரும். நோவு தணிக்கும் புதுமருந்து பிடிபட்டது. 1939இல் வெளிவந்த பெத்தடின், நாளடைவில் இலங்கையின் பிரசவ விடுதிகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் எலியின் வால் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருந்து நச்சுக்கொடியைக் கடந்து செல்வதும், பிறந்த சிசுவின் மூச்சை மந்தப்படுத்துவதும் பிரசவ அறையிலேயே தெரியவந்தன.

உலகை உலுக்கியது வேறொரு மருந்து. அபின் இனம் சாராத தலிடொமைட், 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. 1961இல் அது மீளப்பெறப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்துவிட்டன. எலிகள் அந்த மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. முயல் குட்டிகளிலேயே குறை வெளிப்பட்டது. ஓரினத்தின் சாட்சி போதாது என்பது புலனாயிற்று. 1966இல் அமெரிக்கா, கருவுற்ற விலங்குகளில், அதுவும் ஓரினத்துக்கு மேற்பட்டவற்றில் சோதிக்கும் நெறியை வகுத்தது.

அபின் இன மருந்துகளும் இவ்விதம் சோதிக்கப்பட்டன. 1975இல் வெளியான ஆய்வொன்று, பெருமளவு மருந்து பெற்ற ஹாம்ஸ்டர்களின் கருக்களில் மூளை, முண்ணாண் குறைபாடுகளைக் காட்டியது. ஆயினும் அத்தகைய அளவுகளில் தாய் விலங்கின் மூச்சும் தீனியும் குறைந்துவிடும். கெடுதி மருந்தாலா, தாயின் நலிவாலா என்று பிரித்தறிதல் எளிதன்று.

ஆகவே விலங்கு எச்சரிக்கை தரலாம், உத்தரவாதம் தராது. அதற்காகத் தாயை நோவில் துடிக்கவிடுவதும் முறையன்று. வேண்டிய வேளையில், வேண்டிய அளவு மட்டும் என்பதே மருத்துவர் கைக்கொள்ளும் வழி. இம்மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளும் கர்ப்பிணி அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.